தட்டு முடிந்த பிறகும் ஒலித்த தம்புரா

முதல் நாள் நான் அதைத் தம்புரா என்றே நினைத்தேன். அப்பா விட்டுச்சென்ற டிரங்குப் பெட்டியில் அறுபது எழுபது எல்.பி. தட்டுகள் இருந்தன, பாதிக்கு மேல் கர்நாடக சங்கீதம். பொங்கல் விடுமுறையில் ஒரு பழைய டர்ன்டேபிளை செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்து, ஹாலில் இருந்த ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, ஒரு பாடகியின் தட்டைப் போட்டேன். பின்னால் கீழ் ஸ்தாயியில் ‘உம்ம்ம்’ என்று ஒரு நாதம். சுருதியோடு ஒட்டித்தான் இருந்தது. பக்கம் முடிந்ததும் முள்ளைத் தூக்கி வைத்தேன். சமையலறையிலிருந்து அம்மா கேட்டார்: “பாட்டுதான் முடிஞ்சுபோச்சே, தம்புராவை இன்னும் யாரு மீட்டிக்கிட்டு இருக்கா?”

அது கரண்டின் சுருதி. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. பாடகர்கள் தங்கள் சுருதியைக் ‘கட்டை’ என்ற அளவில் சொல்வார்கள்; ஐந்து கட்டையின் மிகக் கீழ் ஸ்தாயி நொடிக்கு 49 அதிர்வு. ஆக, ஐந்து கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே மின்வாரியமே நமக்கு ஓயாமல் சுருதி போட்டுக்கொண்டிருக்கிறது. பெண் குரல்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவதால் முதல் தட்டில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அடுத்து ஒரு கட்டையில் பாடும் ஒருவரின் தட்டைப் போட்டபோது பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. மெக்கானிக்குகள் இதை ‘ஹம்மிங்’ என்பார்கள். அந்த ஹம்மிங்கை வெளியேற்ற எனக்கு இரண்டரை மாதமும், வீணாக 16,800 ரூபாயும் போயின. உண்மையில் அதைச் சரிசெய்ய ஆன செலவு 2,390 ரூபாய்தான். நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

விற்ற கடைக்காரரைத்தான் முதலில் கூப்பிட்டேன். “மேடம், கேபிள் மட்டமா இருக்கும், நல்லதாப் போடுங்க” என்றார். 2,800 ரூபாய்க்கு விரல் தடிமனில், ஒலியைக் கடத்தும் ஒரு ஆர்.சி.ஏ. கேபிள் வந்தது. ஹம்மிங் அப்படியே. இரண்டாம் முறை பேசியபோது, ஆம்ப்ளிஃபயருக்குள் டர்ன்டேபிளின் சிறு ஒலியை முதலில் பெருக்கும் ஃபோனோ பகுதி சரியில்லை, அந்த வேலைக்குத் தனியாக ஒரு பிரீஆம்ப் வாங்க வேண்டும் என்றார். 8,500 ரூபாய். ஹம்மிங் அப்படியே. மூன்றாம் முறை, “உங்க ஏரியாவுல கரண்ட் சுத்தமா இல்ல” என்று ஒரு ஃபில்டர் வைத்த ஸ்பைக் போர்டைத் தலையில் கட்டினார். 3,200 ரூபாய். நடுவில் ஒரு தடவை, “வீட்டுல ஆம்பளைங்க யாராவது இருந்தா போனைக் குடுங்க மேடம், புரியற மாதிரி சொல்றேன்” என்றும் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில், இதை நானே கண்டுபிடித்துக் காட்டுகிறேன் என்று வீம்பு பிடித்தது. அந்த வீம்பை முதல் கேபிளுக்கு முன்னாலேயே பிடித்திருக்கலாம்.

யாரோ ஒருவர், டர்ன்டேபிளின் எர்த் ஒயரை நீட்டித் தண்ணீர்க் குழாயில் கட்டினால் போய்விடும் என்றார். பழைய காலத்து யோசனை, இரும்புக் குழாய் மண்ணுக்குள் போன நாட்களில் பலித்திருக்கும். நானும் ஹாலிலிருந்து குளியலறை வரை ஒயரை இழுத்து, பித்தளைக் குழாயில் பத்திரமாகச் சுற்றி, திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது: எங்கள் அடுக்ககத்தில் சுவருக்குள் ஓடுவதெல்லாம் பி.வி.சி. அம்மா அந்த ஒயரில் தடுக்கி விழாமல் தப்பித்தது மட்டும்தான் அன்றைய லாபம்.

பிறகு டர்ன்டேபிளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். வால்வு ரேடியோ காலத்து ஆள், அறுபதைத் தாண்டியவர். மூன்று வாரம் வைத்திருந்தார். திரும்ப எடுக்கப் போனபோது அவருடைய மேசையில் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஹம்மிங் சத்தமே இல்லை. கிணற்றடி மாதிரி அமைதி. “மெஷின்ல ஒண்ணுமில்லம்மா, சுத்தம் பண்ணி எண்ணெய் போட்டிருக்கேன்” என்றார். சர்வீஸ் 1,500, போக வர ஆட்டோ 800. டர்ன்டேபிளின் அடியிலிருந்து முதலை வாய் மாதிரி கவ்வும் ஒரு கிராக்கடைல் கிளிப் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு மெஷினை என் கையில் கொடுத்தார். இந்தக் கிளிப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. வீட்டில் மாட்டியதும் மறுபடி ‘உம்ம்ம்’.

இனி வாங்குவதில்லை என்று அன்று முடிவு செய்து, கொஞ்சம் படித்தேன். டர்ன்டேபிளுக்கு மட்டும் ஏன் இந்த வியாதி, அதே ஆம்ப்ளிஃபயரில் சி.டி. போட்டால் ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. முள்ளுக்குப் பின்னால் இருக்கும் கார்ட்ரிட்ஜ், என்னுடையது மூவிங் மேக்னட் வகை, கொடுக்கும் மின்னழுத்தம் 4, 5 மில்லிவோல்ட். பக்கத்திலேயே சுவரில் 230 வோல்ட், அதாவது ஏறக்குறைய 46 ஆயிரம் மடங்கு பெரியது. யானை நடக்கும் தெருவில் எறும்பின் காலடியைக் கேட்கிற வேலை. அந்தச் சிறு ஒலியை ஃபோனோ பகுதி நூறு மடங்கு பெருக்குகிறது. அதோடு நிற்பதில்லை. தட்டில் பாட்டை வெட்டும்போது கீழ் ஒலிகளை வேண்டுமென்றே குறைத்துத்தான் வெட்டுவார்கள். இல்லாவிட்டால் பள்ளம் அகலமாகி ஒரு பக்கத்தில் பிடிக்கும் நேரம் வெகுவாகக் குறைந்துவிடும். கேட்கும்போது குறைத்ததை அதே அளவு கூட்டிக் கொள்ள வேண்டும். 1954 முதல் இதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவு இருக்கிறது. அதன்படி நொடிக்கு 50 அதிர்வில் இருக்கும் ஒலி, நடு ஒலியைவிட ஏழு மடங்கு கூடுதலாகப் பெருக்கப்படுகிறது. கரண்டின் சுருதி சரியாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது! நூறை ஏழால் பெருக்கிக்கொள்ளுங்கள். வேறெங்கும் காதில் விழாத ஒரு துளிக் கசிவு டர்ன்டேபிளில் மட்டும் ஹாலை நிறைப்பது இதனால்தான்.

இந்தச் சமயத்தில் இன்னொன்றையும் சொல்லவேண்டும், சொல்ல வெட்கமாக இருந்தாலும். ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியை வெறுங்காலோடு நின்று தொட்டால் விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். பல மாதமாகவே இருந்தது. அந்த 3,200 ரூபாய் ஸ்பைக் போர்டு வந்த பிறகு எறும்பு கட்டெறும்பு ஆனது. “பழைய பொருள், அப்படித்தான் இருக்கும்” என்று அம்மாவிடம் சொல்லி, செருப்புப் போட்டுக்கொண்டு தொடச் சொன்னேன். உங்கள் வீட்டில் எந்த இரும்புப் பெட்டியாவது இப்படிச் சுருக்கென்றால் பாட்டை மறந்துவிட்டு அன்றைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஹம்மிங் காதுக்குத்தான் தொல்லை, இது உயிர் விஷயம்.

ரிச்சி தெருவில் 650 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். நான் செலவழித்ததில் பயன் தந்த முதல் காசு அது. ஏ.சி. வோல்ட்டுக்குத் திருப்பி, மூன்று முனை சாக்கெட்டில் அளந்தேன். மேலே இருக்கும் பெரிய துளை எர்த், நமக்கு நேரே வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 228. சரி. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 118. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 110. ஃபேஸிலிருந்து எர்த்துக்கும் முழு 228 வந்திருக்க வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இப்படிப் பாதிப் பாதியாக வந்தால் அந்தத் துளைக்குப் பின்னால் மண் இல்லை, வெறும் காற்று என்று அர்த்தம். ஃபில்டர் வைத்த போர்டு, டி.வி. போன்றவை தங்களுக்குள் வரும் குப்பைக் கரண்டை எர்த்தில் தள்ளிவிடும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன. எர்த் எங்கும் போகாதபோது அது பெட்டிமேல் ஏறி நிற்கிறது, தொட்ட ஆள் வழியாக இறங்கப் பார்க்கிறது. நான் காசு கொடுத்து வாங்கிய ஃபில்டர் அந்தக் கட்டெறும்பை வளர்த்த கதை இதுதான். (மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் சாக்கெட்டில் கம்பியை நுழைக்க வேண்டாம். சிவப்புக் கம்பி ஆம்பியர் துளையில் இருந்துவிட்டால் மீட்டரும் போகும், கையும் சுடும்.)

எலெக்ட்ரீஷியன் தம்பி வந்து மீட்டரை நம்பாமல் ஒரு டெஸ்ட் லாம்ப்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தார். எரியவே இல்லை. போர்டைக் கழற்றினால், பச்சை ஒயர் சுவருக்குள்ளிருந்து ஒழுங்காக வந்திருக்கிறது, ஆனால் திருகில் மாட்டாமல் அழகாக மடித்து உள்ளே திணித்திருக்கிறார்கள். எந்த மகராசன் எப்போது செய்தாரோ! “அக்கா, இத்தனை நாள் இந்த பிளக்குல மூணாவது பின் சும்மா அலங்காரத்துக்குத்தான் இருந்திருக்கு” என்றார். மாட்டிய பிறகு பல்ப் பிரகாசமாக எரிந்தது. ஃபேஸ்-எர்த் 227, நியூட்ரல்-எர்த் ஒன்றரை. (ஆர்.சி.சி.பி., அதாவது கரண்டு கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச், இருக்கும் வீட்டில் இந்த பல்ப் சோதனை செய்தால் உடனே டிரிப் ஆகும், அதுவே எர்த் இருப்பதற்குச் சாட்சி. எங்கள் வீட்டில் அது இல்லை. அடுத்த மாதம் போட்டோம், அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.) கூலி 600 ரூபாய். பெட்டியில் எறும்பு போயே போய்விட்டது.

ஆசையோடு தட்டைப் போட்டேன். ஹம்மிங் கூடியிருந்தது. அதுவும் பழைய மெல்லிய ‘உம்’ இல்லை, மேலே ‘ஜ்ர்ர்’ என்று ஒரு கரகரப்பு. சோபாவில் உட்கார்ந்து அழுதே விட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு ரெக்கார்டு பிளேயருக்காக ஐம்பது வயதில் அழுகை. தெரிந்தவர் ஒருவர் போனில், “எர்த் பின்னை உடைச்சு விட்டுடுங்க, சத்தம் நின்னுடும்” என்றார். நின்றிருக்கும் என்பது உண்மைதான், அதனால்தான் அந்த யோசனை இவ்வளவு பரவலாக இருக்கிறது. ஆனால் சற்று முன்புதான் அந்தப் பச்சை ஒயரைக் கண்ணால் பார்த்திருந்தேன். எர்த்தைப் பிடுங்கி அமைதி வாங்குவது, புகை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குவது போல. செய்யாதீர்கள்.

அந்தக் கரகரப்பு ஒரு துப்பு என்பது மறுநாள்தான் புரிந்தது. மொழுமொழுவென்ற ‘உம்’ என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பி அறுந்து, அந்தரத்தில் நின்று, காற்றிலிருந்து கரண்டைப் பிடிக்கிறது. கரகரப்பான ‘ஜ்ர்ர்’ என்றால் பெரும்பாலும் எர்த்துக்கு இரண்டு வழி இருக்கிறது, அந்த இரண்டு வழிக்கும் நடுவே ஒரு வளையமாகக் கரண்டு சுற்றுகிறது. காதை இப்படிப் பிரித்துக் கேட்கப் பழக்கினாலே பாதி வேலை முடிந்தது. எனக்கு இரண்டாவது வழி எங்கிருந்து? எல்லாக் கம்பிகளையும் பிடுங்கினேன். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் மட்டும். அமைதி. (இந்த நிலையிலேயே, அதுவும் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் இரைச்சல் வந்தால் கோளாறு ஆம்ப்ளிஃபயருக்குள்தான், டர்ன்டேபிளை விட்டுவிடுங்கள்.) டர்ன்டேபிளை மட்டும் மாட்டினேன். பழைய ‘உம்’ மட்டும். டி.வி.யை மாட்டினேன். ‘ஜ்ர்ர்’ வந்துவிட்டது. அம்மாவுக்குச் சீரியல் சத்தமாகக் கேட்கவேண்டும் என்று டி.வி.யின் ஒலியையும் அதே ஆம்ப்ளிஃபயரில்தான் கொடுத்திருந்தேன். டி.வி.க்கு செட் டாப் பாக்ஸ், செட் டாப் பாக்ஸுக்குத் தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிள். அந்தக் கேபிளின் வெளி உறை எங்கோ வேறிடத்தில் எர்த்தைத் தொடுகிறது. என் வீட்டு எர்த் செத்துக் கிடந்தவரை வளையம் முழுமையாகவில்லை, உயிர் வந்ததும் முழுமையாகிவிட்டது. இதில் ஒரு சூட்சுமம்: நான் முதல் வாரமே டி.வி.யை அணைத்துப் பார்த்திருந்தேன். அணைத்தால் போதாது. சுவிட்ச் அணைந்தாலும் கம்பியின் உறை தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பிடுங்கித்தான் பார்க்க வேண்டும்.

தீர்வு சுலபம். டி.வி.யிலிருந்து ஒளியால் ஒலியைக் கடத்தும் ஆப்டிகல் கேபிளும், அதை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு டப்பாவும் சேர்த்து 1,100 ரூபாய். கண்ணாடி இழையிலோ பிளாஸ்டிக் இழையிலோ வெளிச்சம் போகும், கரண்டு போகாது. வளையம் அறுந்தது. டி.வி.யில் ஆப்டிகல் வழி இல்லாதவர்கள், கேபிள் வரும் இடத்தில் ஐசொலேட்டர் என்ற சின்ன இணைப்பானைப் போட்டும் இதையே செய்யலாம்.

இப்போது மிச்சம் அந்த முதல் நாள் ‘உம்’ மட்டும். இரவு பதினொரு மணி, முள்ளைத் தூக்கி வைத்துவிட்டு, சும்மா டோன் ஆர்மின், அதாவது முள்ளைத் தாங்கும் கையின், உலோகத்தைத் தொட்டேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. கையை எடுத்தேன், ஏறியது. தொட்டேன், இறங்கியது. முதல் நாளிலிருந்து தூசி தட்டும்போதெல்லாம் இது நடந்திருக்கிறது, நான்தான் பொருட்படுத்தவில்லை. நான் தொட்டால் குறைகிறது என்றால், அந்த உலோகத்துக்குக் கிடைக்க வேண்டிய எர்த் கிடைக்கவில்லை, என் உடம்பு அரைகுறையாக அந்த வேலையைச் செய்கிறது என்றுதானே பொருள்? டர்ன்டேபிளின் பின்னாலிருந்து, ஒலிக் கேபிள்களோடு ஒரு மெல்லிய தனி ஒயர் வரும், நுனியில் கவட்டை மாதிரி ஒரு முனை. அதை ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இருக்கும் திருகில் மாட்டவேண்டும். மாட்டியிருந்தேன், இறுக்கமாகவே. மல்டிமீட்டரை பீப் சத்தம் தரும் நிலைக்குத் திருப்பி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு கம்பியை டோன் ஆர்மிலும் மறு கம்பியைக் கவட்டையிலும் வைத்தேன். பீப் இல்லை. அடித்தட்டைக் கழற்றினால் உள் முனை சரியாக இருந்தது. ஒயரை விரலால் நீவிக்கொண்டே வந்தேன். பெட்டியை விட்டு வெளியே வந்து மடங்கும் இடத்தில் மட்டும் தொளதொளவென்றிருந்தது. உறை முழுசு, உள்ளே செம்பு அறுந்திருக்கிறது. கண்ணால் ஆயிரம் தடவை பார்த்தாலும் தெரியாது.

அப்போதுதான் அந்தக் கிளிப் நினைவுக்கு வந்தது. அந்தப் பெரியவர் எந்த மெஷின் வந்தாலும் பழக்கதோஷத்தில் டோன் ஆர்ம் அடியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குத் தன்னுடைய ஒயர் ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் உட்காருவார். அதனால்தான் அவர் கடையில் அமைதி. அதைக் கழற்றிவிட்டு மெஷினை என்னிடம் கொடுத்ததும், கோளாறும் என்னோடு ஆட்டோவில் ஏறிவிட்டது. ஏற்கெனவே அறுந்துபோன ஒயரை நீட்டித்தான் குழாயில் கட்டினேன் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்துச் சிரித்தேன். அறுந்த இடத்துக்கு மேலே வெட்டி, புது ஒயரும் கவட்டை முனையும் போட 40 ரூபாய்.

ஆக, ஒரே நேரத்தில் மூன்று கோளாறுகள். எர்த் இல்லாத சாக்கெட், கேபிள் வழியே காத்திருந்த வளையம், அறுந்த ஒயர். என்னைக் குழப்பியது அதுதான். ஒன்றைச் சரிசெய்து சத்தம் நிற்காவிட்டால், ‘இது காரணமில்லை’ என்று அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறோம். அது காரணமாகவும் இருக்கலாம், முழுக் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். நான் இப்போது ஒரு நோட்டில், எதை மாற்றினேன், சத்தம் நின்றதா என்று எழுதுவதில்லை. சத்தம் எப்படி மாறியது என்று எழுதுகிறேன். கூடியதா, குறைந்ததா, ‘உம்’மா ‘ஜ்ர்ர்’ரா, இரண்டு ஸ்பீக்கரிலுமா ஒன்றிலா. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் வந்தால் முதலில் கார்ட்ரிட்ஜின் பின்னால் இருக்கும் நான்கு குட்டி ஒயர்களைப் பாருங்கள். வெள்ளையும் நீலமும் இடப்பக்கத்துக்கு, சிவப்பும் பச்சையும் வலப்பக்கத்துக்கு. நீலமும் பச்சையும்தான் திரும்பும் கம்பிகள், அவற்றில் ஒன்று தளர்ந்தாலும் அந்தப் பக்கம் அலறும். அங்கே மட்டும் சால்டரிங் அயர்னைக் கொண்டு போகாதீர்கள், சூட்டில் கார்ட்ரிட்ஜே போய்விடும்.

மூன்றும் தீர்ந்த பிறகும் முழு வால்யூமில் ஸ்பீக்கரில் காதை வைத்தால் லேசாக ஒரு ‘உம்’ இருக்கத்தான் செய்தது. ஆம்ப்ளிஃபயரை டர்ன்டேபிளுக்கு நேர் கீழே அடுக்கியிருந்தேன். முள்ளைத் தூக்கியபடி கையால் டோன் ஆர்மைத் தட்டின் நடுப்பக்கம் நகர்த்தினால் சத்தம் ஏறியது, உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரை நெருங்குகிறது என்று பொருள். ஆம்ப்ளிஃபயரை இரண்டடி தள்ளி வைத்தேன், அதுவும் தணிந்தது. மிச்சம் இருப்பது நாற்காலியில் உட்கார்ந்தால் கேட்பதில்லை. அதைத் துரத்திக்கொண்டு போகாமல் விட்டுவிட்டேன்.

பங்குனி கடைசியில் மெக்கானிக் பெரியவருக்கு போன் செய்து கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அடடே, நம்ம கிளிப்பாலதான் உனக்கு இவ்வளவு அலைச்சலாம்மா” என்று வருத்தப்பட்டார். சர்வீஸ் காசில் பாதியைத் திருப்பித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். வைப்பதற்கு முன் கேட்டார்: “அந்தப் புது பிரீஆம்ப் பரண்லதானே கிடக்கு? விக்கிறதா இருந்தா எனக்குச் சொல்லும்மா, ஒரு பார்ட்டி கேட்டுக்கிட்டு இருக்காரு. அவர் வீட்லயும் ஹம்மிங்தானாம்.”